படத்தை வரைந்தது யார்?

(வீட்டிலேயே படிக்கும் குழந்தைகளுக்கு உலக சரித்திரப் படப் புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி, சங்கத்தின் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் டெலிபோன் செய்து, "மாமி, நீங்க முப்பது வருஷம் லைப்ரரியில இருந்தவா. புஸ்தகத்தைப் பத்தி ஏதாவது பேசுங்கோ" என்றார். "ஏதாவது" என்று சொல்லிவிட்டதால், இப்போது என் வீட்டில் தினமும் நடக்கிற ஒரு விஷயத்தையே எடுத்துக்கொண்டேன். உங்களில் சிலருடைய வீட்டிலும் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள் என்று அறிவேன். பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

புனேயில் என் பெண்ணும் மாப்பிள்ளையும் குழந்தைகள் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைப்பது என்று தீர்மானித்தபோது, அதை அதிகம் எதிர்த்தவள் நான்தான். பரீட்சைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் 14 வயது பூர்த்தியானால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்று மாப்பிள்ளை விளக்கினார். அதற்குமேல் எனக்கு வாதம் கிடைக்கவில்லை. கணக்கு மாப்பிள்ளைக்கு, சயன்ஸ் என் பெண்ணுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். சரித்திரம் என் தலையில் விழுந்தது. அப்போது பேத்திக்கு 11 வயது, பேரனுக்கு 8.

லைப்ரரியன் ஆயிற்றே, புத்தகம் வாங்க எனக்கா தெரியாது என்ற கர்வத்தில் முதல் தப்பைச் செய்தேன். ஒரு புத்தகக் கண்காட்சியில் பளபளவென்று 12 பாகம், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். என் மாதப் பென்ஷனில் பாதியைக் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால், எந்தப் படத்துக்குக் கீழும் அது எங்கிருந்து எடுத்தது என்ற விவரம் இல்லை. கடைசியில் பொருளகராதி இல்லை. இந்தியா இரண்டே இடத்தில் வந்தது. ஒன்றில் பாம்பாட்டி, இன்னொன்றில் யானை மேல் மகாராஜா. மற்றவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தே காலம் கழித்தவள், கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் வாங்கிவிட்டேன்!

ஆனாலும் அந்தப் புத்தகத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அதில் வைக்கிங் வீரர் படம் ஒன்று இருந்தது. வடக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறிப் போய்க் கொள்ளையடித்தவர்கள், வியாபாரமும் செய்தவர்கள். தலையில் கொம்பு வைத்த கவசம். பேரன் கேட்டான்: "பாட்டி, சண்டை போடறச்சே எதிரி அந்தக் கொம்பைப் பிடிச்சு இழுத்துட மாட்டானா?"

நியாயமான கேள்வி. எனக்கு பதில் தெரியவில்லை. இரண்டு பேருமாகத் தேடினோம். வைக்கிங் காலத்துக் கொம்புக் கவசம் ஒன்றுகூட அகழ்வாய்வில் கிடைக்கவில்லை. 1876-ல் ஜெர்மனியில் பைராய்ட் நகரில் வாக்னரின் இசை நாடகம் மேடையேறியபோது, உடையலங்காரம் செய்த டோப்ளர் என்பவர் வைத்த கொம்புதான் உலகம் முழுவதும் பரவிவிட்டது. வைக்கிங்குகள் ஓய்ந்து சுமார் 800 வருஷம் கழித்து, நாடகக் கொட்டகையில் முளைத்த கொம்பு அது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். சரித்திரப் புத்தகத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்போம். இதை யார் வரைந்தது? எப்போது வரைந்தது? எதைப் பார்த்து வரைந்தது?

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் சாமூதிரி ராஜாவைச் சந்தித்தது எல்லா உலக சரித்திரப் புத்தகங்களிலும் வரும். பல புத்தகங்களில் அதற்கு ஒரு பெரிய ஓவியத்தைப் போடுவார்கள். காமா நிமிர்ந்து நின்று கம்பீரமாகப் பேசிக்கொண்டிருப்பார். யார் வரைந்தது? வெலோசோ சல்காடோ என்ற போர்த்துகீசிய ஓவியர். எப்போது? 1898-ல், சரியாக 400-வது ஆண்டு விழாவின்போது. எதைப் பார்த்து? தன் நாட்டின் பெருமையைப் பார்த்து என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே பயணத்தில் கப்பலில் கூடப் போன ஒருவர் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. ராஜாவுக்குக் கொடுக்க காமா எடுத்து வைத்த பரிசுகளின் பட்டியல் அதில் வருகிறது. கோடு போட்ட துணி 12, சிவப்புக் குல்லாய் 4, தொப்பி 6, பவழச் சரம் 4, கை அலம்பும் பாத்திரம் 6, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தேன். அதைப் பார்த்து ராஜாவின் அதிகாரிகள் சிரித்துவிட்டார்களாம். மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொண்டு வருவான் என்றார்களாம். இதைப் படித்துவிட்டு அந்த ஓவியத்தைத் திரும்பப் பார்த்த பேரன், "ராஜாவுக்குக் கை அலம்பற பாத்திரமா!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். ஓவியம் அதேதான். ஆனால் அவனுக்கு அது வேறு படமாகிவிட்டது.

நம் பக்கத்துப் படங்களுக்கும் இதே கேள்வி உண்டு. மொகஞ்சதாரோவில் கிடைத்த தாடி வைத்த சிறு சிலையை எல்லோரும் "பூசாரி அரசர்" என்று அச்சிடுகிறார்கள். பதினேழரை சென்டிமீட்டர் உயரம்தான். அவர் பூசாரி என்பதற்கும் ஆதாரம் இல்லை, அரசர் என்பதற்கும் ஆதாரம் இல்லை. தோண்டி எடுத்த காலத்தில் வைத்த பெயர், நிலைத்துவிட்டது. நல்ல புத்தகம் "இப்படி அழைக்கப்படுகிறார்" என்று எழுதும். அவசரப் புத்தகம் "இவர் பூசாரி அரசர்" என்று எழுதிவிடும். அந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் குழந்தையைப் பழக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

சரி, கடைக்குப் போனால் எப்படிப் பார்த்து வாங்குவது? பத்து நிமிஷம் போதும்.

முதலில் பொருளகராதியைப் புரட்டுங்கள். நான் ஐந்து பெயர் வைத்திருக்கிறேன். 1324-ல் மெக்காவுக்கு யாத்திரை போன மாலி நாட்டு அரசர் மான்சா மூசா. 1405 முதல் 1433 வரை ஏழு முறை கடற்பயணம் போன சீனத் தளபதி செங் ஹே. அடிமைகளே போராடி 1804-ல் சுதந்திரம் பெற்ற ஹைதி. பாக்தாத். சோழர். ஐந்தில் மூன்றாவது இருந்தால் அதை உலக சரித்திரம் என்று ஒப்புக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லையென்றால் அது ஐரோப்பிய சரித்திரம். ஐரோப்பிய சரித்திரம் படிப்பதில் தப்பில்லை, ஆனால் அட்டையில் உலகம் என்று போட்டிருக்கக் கூடாது.

இரண்டாவது, தேசப்படம். கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்கு இருந்தால், அது 1569-ல் மெர்கேட்டர் மாலுமிகளுக்காகப் போட்ட முறை. நிஜத்தில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல் சுமார் 14 மடங்கு. கிரீன்லாந்து இந்தியாவைவிடவும் சின்னது. பழைய படத்தையே வைத்திருந்தால் வாங்கலாம், ஆனால் இந்த விஷயத்தைக் குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு. இது எந்த மியூசியத்தில் இருக்கிற பொருளின் போட்டோ, எது ஓவியர் கற்பனையாக வரைந்தது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

நாலாவது, இந்தியாவைப் பற்றிய பக்கம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எந்த வயசுக்கு எந்தப் புத்தகம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் பயன்பட்டதைச் சொல்கிறேன்.

ஆறு, ஏழு வயசுக்கு 1998-ல் வந்த 'எ ஸ்ட்ரீட் த்ரூ டைம்'. ஆன் மில்லார்ட் எழுதி ஸ்டீவ் நூன் வரைந்தது. ஆற்றங்கரையில் ஒரே இடம், கற்காலத்திலிருந்து இன்றுவரை 12,000 வருஷத்தில் எப்படி மாறுகிறது என்று பக்கம் பக்கமாகப் படம். படிக்கத் தெரியாத குழந்தைகூட மணிக்கணக்கில் பார்க்கும். அடுத்து டேவிட் மெக்காலே வரைந்த புத்தகங்கள். 1973-ல் 'கதீட்ரல்', 1975-ல் 'பிரமிட்', 2003-ல் 'மாஸ்க்'. ஒரு கட்டடம் அஸ்திவாரத்திலிருந்து எப்படி எழும்புகிறது என்பதை மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்ப்பது போல இருக்கும். அவற்றைப் படித்துவிட்டுத் தஞ்சாவூர் போனோம். 1010-ல் ராஜராஜன் முடித்த கோயிலின் முன்னால் நின்று, "சாரம் எப்படிக் கட்டினா?" என்று பேரன் கேட்டான். அதுவரை அந்தக் கோயிலில் நான் ஸ்வாமியைத்தான் பார்த்திருக்கிறேன். சாரத்தை நினைத்துப் பார்த்ததில்லை.

எட்டிலிருந்து பத்து வயசுக்கு, உரக்கப் படித்துக் காட்ட சூசன் வைஸ் பாயரின் 'தி ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்ட்', நாலு பாகம். வீட்டில் படிக்க வைக்கிறவர்களுக்காகவே எழுதியது, கதை போல ஓடும். ஒன்று கவனிக்க வேண்டும். ஆபிரகாம், ஜோசப் ஆகியோரின் பைபிள் கதைகள் சரித்திரத்தோடு சரித்திரமாகக் கலந்து வருகின்றன. நான் அந்த இடத்தில் நிறுத்தி, "இது அவர்களுடைய புராணம், நமக்கு இருப்பது போல" என்று சொல்லிவிட்டு மேலே படிப்பேன்.

பத்து வயசுக்கு மேல் கோம்ப்ரிச்சின் 'எ லிட்டில் ஹிஸ்டரி ஆஃப் தி வேர்ல்ட்'. 1935-ல் வியன்னாவில் வேலை கிடைக்காமல் இருந்த வாலிபர் ஆறே வாரத்தில் ஜெர்மன் மொழியில் எழுதியது. இங்கிலீஷில் 2005-ல் வந்தது. படம் நிறைந்த பதிப்பு 2011-ல் வந்தது. எனக்கு இதில் பிடித்தது அதன் கடைசி அத்தியாயம். ஐம்பது வருஷம் கழித்து அவரே உட்கார்ந்து, முதல் உலகப் போரின் முடிவைப் பற்றித் தாம் எழுதியது சரியல்ல என்று ஒப்புக்கொண்டு சேர்த்திருக்கிறார். குழந்தைகளுக்கு எழுதின புத்தகத்தில் பெரியவர் ஒருவர் தன் தப்பை ஒத்துக்கொள்வதை என் பேத்தி அதிசயமாகப் பார்த்தாள்.

அதோடு நேருவின் 'கிளிம்ப்ஸஸ் ஆஃப் வேர்ல்ட் ஹிஸ்டரி'. 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து பெண்ணுக்கு எழுதிய 196 கடிதங்கள். யோசித்தால் அதுவும் வீட்டுப் பாடம்தான், வாத்தியார் சிறையில் இருந்தார், அவ்வளவுதான். படங்கள் இல்லை, ஆனால் பின்னால் வந்த பதிப்பில் ஹொராபின் வரைந்த தேசப்படங்கள் இருக்கின்றன. ரோஷன் தலால் எழுதிய 'பஃபின் ஹிஸ்டரி ஆஃப் தி வேர்ல்ட்' இரண்டு பாகமும் இங்கே நம் குழந்தைகளை மனதில் வைத்து எழுதியவை. டி.கே., உஸ்போர்ன் போன்றவர்களின் பெரிய கலைக்களஞ்சியங்கள் எடுத்துப் பார்க்க நல்லவை, வரிசையாகப் படிக்க அல்ல.

எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. புனேயில் அப்பா பல்வந்த் சௌக், கல்கத்தாவில் காலேஜ் தெரு, டில்லியில் 2019 முதல் மகிளா ஹாட்டில் கூடுகிற பழைய தரியாகஞ்ச் ஞாயிறு சந்தை. அவரவர் ஊரில் தேடினால் பாதி விலைக்குக் கிடைக்கும். 12 பாகம் ஒரே ஆசிரியர் வாங்குவதைவிட, ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்லும் இரண்டு புத்தகம் வாங்குங்கள்.

வீட்டுக் கூடத்தில் நாங்கள் ஒரு காகிதச் சுருளை ஒட்டியிருக்கிறோம். ஒரு சென்டிமீட்டர் பத்து வருஷம். ஐயாயிரம் வருஷத்துக்கு 5 மீட்டர். வாசல் கதவில் ஆரம்பித்து சமையலறையில் முடியும். படித்ததையெல்லாம் சின்னதாக வரைந்து ஒட்டுவார்கள். ரோமானியர் காலத்தில் எகிப்தின் பெரெனிகே துறைமுகக் கோயிலில், இந்திய ஜாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு கிடைத்ததைப் படித்தோம். "நம்ம ரசத்துல போடறோமே, அந்த மிளகா?" என்று கேட்டுவிட்டுப் பேரன் நிஜ மிளகையே கோந்து போட்டு ஒட்டிவிட்டான். என் வயசு முழுவதும் அந்தச் சுருளில் 7 சென்டிமீட்டர்தான்.

இனி இந்தியாவைப் பற்றிய பக்கத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உண்மையில் வந்தேன்.

அநேகமாக எல்லா உலக சரித்திரப் புத்தகங்களிலும் இந்தியா என்றால் ஒரு முக்கோணம் வரும். நாலு அடுக்கு. உச்சியில் குடுமியோடு ஒருவர். எங்கள் புத்தகம் ஒன்றிலும் வந்தது. பேரன் விரலை உச்சியில் வைத்து, "பாட்டி, இது நாமதானே?" என்றான், சந்தோஷமாக. கிளாஸில் முதல் ராங்க் வாங்கினவன் மாதிரி.

எனக்குப் புத்தகத்தை மூடிவிடத் தோன்றியது. வெளிநாட்டுக்காரன் நம்மைக் கேவலப்படுத்தப் போட்டிருக்கிறான் என்று சொல்லி அடுத்த பக்கம் திருப்பியிருக்கலாம். நம்மில் பலர் அப்படித்தான் செய்கிறோம்.

பேத்தி விடவில்லை. "யார் வரைஞ்சது, எப்போ, எதைப் பார்த்து?" என்று ஆரம்பித்தாள். வரைந்தவர் இன்றைய ஓவியர். பார்த்தது நம் கிராமம் எதையும் அல்ல, சாஸ்திரத்தில் உள்ள நாலு வர்ணத்தை. நிஜத்தில் நூற்றுக்கணக்கான ஜாதிகள், ஊருக்கு ஊர் வேறு மாதிரி. ஆகவே படம் சரியில்லை என்று நான் சொன்னேன், கொஞ்சம் நிம்மதியாக. அவள் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த முக்கோணத்துக்கு வெளில இருந்தவா எங்கே பாட்டி? அவாளைப் போடவே இல்லையே?" என்றாள்.

படத்தின் பெரிய தப்பு அதுதான். உச்சியில் யாரைப் போட்டார்கள் என்பதைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யாரைப் போடவில்லை என்பதை அவள் பார்த்தாள்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் 'புரூக்ஸ்' என்ற அடிமைக் கப்பலின் படத்தைப் படித்திருந்தோம். 1788-ல் இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள் அச்சிட்டது. கப்பலின் தட்டில் மனிதர்களை எப்படி அடுக்கினார்கள் என்று காட்டும் வரைபடம். அதைப் பார்த்தவர்கள் தூங்க முடியாமல் போனார்கள். 1807-ல் அந்த வியாபாரம் தடை செய்யப்பட்டதில் அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. அதைக் காட்டும்போது நான் தயங்கவில்லை. தங்கள் நாட்டின் பாவத்தைத் தாங்களே படம் போட்டுக் காட்டினார்களே என்று மெச்சிக்கொண்டேன். நம் பக்கம் வந்தபோது மட்டும் கை ஏன் புத்தகத்தை மூடப் போயிற்று?

ஆகவே சொன்னேன். தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் தாத்தா வீட்டுக் கொல்லை. வயலில் வேலை செய்கிறவர் தண்ணீர் கேட்டால், பாத்திரம் கொடுக்க மாட்டார்கள். அவர் குனிந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடிப்பார், மேலேயிருந்து தோண்டியால் விடுவார்கள். எட்டு வயசில் ஒரு தரம் அந்தத் தோண்டியைப் பிடித்து விட்டது நான். அவருக்கு என் தாத்தா வயசு.

பேரன் கேட்டான்: "நீ ஏன் டம்ளர் குடுக்கல?"

"தோணலைடா" என்றேன். அதுதான் நிஜம்.

அந்த மாதமே மஹாட் போய் வந்தோம். புனேயிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். 1927 மார்ச் 20-ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்த சவுதார் குளம் அங்கே இருக்கிறது. குழந்தைகள் படிக்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்படிச் சொல்லிக் கொடுத்தால் குழந்தைக்குத் தன் குலத்தைப் பற்றித் தாழ்வாகத் தோன்றாதா என்று என்னைக் கேட்டார்கள், வீட்டிலேயே கேட்டார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சந்தியாவந்தனம் செய்கிறான், தாத்தாவிடம் ஸ்தோத்திரம் கற்றுக்கொள்கிறான். நம்மைப் பற்றி யாராவது பொய்யாக எழுதியிருந்தால், எது பொய் என்று எடுத்துச் சொல்லவும் அவனுக்கு இப்போது தெரியும். நம்மைப் பற்றி நாமே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் பெருமைகளிலும் அதே மூன்று கேள்வியைக் கேட்கிறான். சில சமயம் தாத்தாவுக்குக் கோபம் வருகிறது, அது வேறு விஷயம்.

அதனால் கடையில் நாலாவது பரீட்சையாக இந்தியப் பக்கத்தைப் பாருங்கள். நம்மைப் புகழ்ந்திருக்கிறதா, திட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். எல்லோரும் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றாலும் வாங்கலாம். விட்டுப்போனவர்களைப் பற்றிச் சொல்ல நாம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பள்ளிக்கூட வாத்தியாருக்கு அதற்கு நேரம் இருக்காது. வீட்டில் படிக்கிற குழந்தைக்குக் கிடைக்கிற பெரிய வசதி அதுதான்.

எங்கள் காகிதச் சுருளில், சமையலறைக்குப் பக்கத்தில் 1960-களில் ஒரு புதுப் படம் ஒட்டியிருக்கிறது. சேர்த்துப் பிடித்த இரண்டு கை, மேலே ஒரு தோண்டி, அதைப் பிடித்திருக்கிற பாவாடை கட்டின சின்னப் பெண். கீழே பேத்தி வழக்கம்போல மூன்று பதிலும் எழுதியிருக்கிறாள். யார் வரைந்தது என்று தன் பெயர். எப்போது என்று தேதி. எதைப் பார்த்து என்ற இடத்தில், "பாட்டி பார்த்தது. பாட்டியே சொன்னது."

தினமும் காபி போடப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறேன்.